சூப்பர்சார்ஜர் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு: பிஸ்டனைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய டொயோட்டாக்களுக்கு சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் கருவி) பொருத்தித் தரும் ஒரு பட்டறையில், 8.9 கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற விகிதம்) தரும் ஃோர்ஜ்டு, அதாவது அடித்து உறுதியாக்கிய, பிஸ்டன் என்று பில் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்த பழைய பிஸ்டனையே விட்டுவிட்டு, ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வரும் தகடு) இரண்டாக அடுக்கி மூடிக் கொடுத்துவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இந்தத் தந்திரம் அந்த ஒரு பட்டறைக்கு மட்டும் தெரிந்தது இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் வண்டி ஏஇ101 கொரோல்லா, எஞ்சின் 4ஏ-ஜிஇ 20 வால்வு சில்வர்டாப். கம்பெனியிலிருந்து வரும்போதே கம்ப்ரஷன் 10.5. இதே குடும்பத்து எஞ்சினுக்கு டொயோட்டாவே சூப்பர்சார்ஜர் போட்டு 4ஏ-ஜிஇசட்இ என்று விற்றது, அதில் முதலில் 8.0, பிறகு வந்ததில் 8.9. எஞ்சினைச் செய்தவனே இவ்வளவு இறக்கியிருக்கிறான் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கி, கூடவே சூடாக்கியும் அனுப்புகிறது. அதை சிலிண்டருக்குள் மறுபடி பத்தரை மடங்கு அமுக்கினால், தீப்பொறி மூட்டிய தீ வந்து சேர்வதற்குள் ஓரத்தில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது, பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் கூடுதலாகத் தரும் காற்றழுத்தம், 7 பிஎஸ்ஐ என்றால் கம்ப்ரஷனை ஏறக்குறைய ஒன்றரையால் பெருக்குங்கள்: 10.5 என்பது 15.5 ஆகும், 8.9 என்பது 13 சொச்சம். ரோன் 97 (ஆக்டேன் தரம்) பெட்ரோலில் தினசரி ஓட்டும் வண்டிக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

இதைத்தான் வேலை தொடங்கும் முன்பே பட்டறைக்காரரிடம் கேட்டேன். “அண்ணே, 10.5-ல 7 பிஎஸ்ஐ தாங்குமா?” என்றதற்கு, “தம்பி, கவலையே வேண்டாம், 8.9 ஃபோர்ஜ்டு போட்டுடுவேன், டொயோட்டா போட்ட அதே ரேஷியோ” என்றார். வாட்ஸ்அப்பிலும் அப்படியே எழுதினார். பில்லிலும் இருக்கிறது.

வண்டி கைக்கு வந்தபோது நன்றாகத்தான் இழுத்தது. ஆனால் காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தால் தகரத்தில் சரளைக்கல் கொட்டுவது போல ஒரு சத்தம். கேட்டதற்கு “பெட்ரோல் சரியில்லை, 97 அடிங்க” என்றார், நான் அடித்துக்கொண்டிருந்ததே 97 தான். அப்புறம் ஆயில் குறைய ஆரம்பித்தது, எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் பிரீதர் குழாயில் புகை, பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் அளவில் பளபளக்கும் புள்ளிகள். அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். இந்தப் புள்ளிகளைப் பார்த்தால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்திவிடுங்கள், ‘வீடு வரைக்கும் ஓட்டிவிடலாம்’ என்று நினைக்கவே வேண்டாம்.

வேறொரு பட்டறையில் ஹெட்டைத் திறந்தோம். இரண்டு கேஸ்கெட், நடுவில் சீலண்ட் பூசி ஒட்டியிருந்தது. மூன்றாவது சிலிண்டரில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து போயிருந்தது, நான்கு பிஸ்டனுமே கம்பெனி வார்ப்பு பிஸ்டன்கள். அந்த மெக்கானிக் அண்ணன் பொறுமைசாலி. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, ஓரத்தில் வாஸ்லின் தடவி, துளை போட்ட அக்ரிலிக் தகட்டை மூடி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்து காட்டினார். கணக்கு இதுதான்: 81 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 77 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), ஒரு சிலிண்டருக்கு சுமார் 397 சிசி. கம்ப்ரஷன் 10.5 என்றால் உச்சிக்கு வந்த பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் 42 சிசி, 8.9 வேண்டுமென்றால் 50 சிசி தேவை. கூடுதலாகச் சொருகிய 1.2 மி.மீ. கேஸ்கெட் தருவது வெறும் 6 சிசி சொச்சம்தான், ஆக எனக்குக் கிடைத்தது 9.3.

எண்ணை விடுங்கள், பெரிய கேடு வேறு இடத்தில் இருக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டின் ஓரத்துக்கும் அதற்கும் நடுவில் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளிதான் இருக்க வேண்டும், அந்த நெருக்கம்தான் ஓரத்துக் கலவையை நடுவுக்குத் தள்ளிச் சுழல விடுகிறது. கேஸ்கெட்டை அடுக்கினால் இடைவெளி 2 மி.மீ.யைத் தாண்டிவிடும், கலவை ஓரத்திலேயே தேங்கிக் கடைசியில் வெடிக்கும். கம்ப்ரஷன் குறைந்தும் நாக்கிங் நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம். கம்ப்ரஷனைக் குறைக்க ஒழுங்கான வழி பிஸ்டனை மாற்றுவதுதான்.

இதைக் கொண்டுபோய்க் காட்டியபோது முதல் பட்டறைக்காரர் பேச்சே மாறியது. “வோக்ஸ்வேகன் 1.4 டுவின்சார்ஜர் 10-ல ஓடுது, 9.3 ஒண்ணும் செய்யாது” என்றார். சூப்பர்சார்ஜரும் டர்போவும் சேர்ந்த அந்த எஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது, உள்ளேயே ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கிறது, அதனால் 10 தாங்குகிறது. இன்டேக் போர்ட்டில் (சிலிண்டருக்குக் காற்று போகும் வழி) பீய்ச்சும் நம் பழைய எஞ்சினுக்கு அந்த உதாரணம் செல்லாது. யாராவது இதைச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

என் கருத்தில் போர்ட் இன்ஜெக்‌ஷன், ரோன் 97, இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் கருவி), 7 பிஎஸ்ஐ என்றால் 8.5-லிருந்து 9-க்குள் நில்லுங்கள். எஞ்சினைத் திறக்கக் காசில்லை, 10.5-லேயே விடுகிறேன் என்றால் பூஸ்டை 4, 5 பிஎஸ்ஐயில் அடக்கி, டைமிங்கை (தீப்பொறி மூட்டும் நேரம்) பின்னுக்கு இழுத்து டியூன் செய்யச் சொல்லுங்கள். அதுவும் நேர்மையான வழிதான். பிஸ்டன் பெட்டி வந்ததும் போய்ப் பாருங்கள், பிளாக்கில் பொருத்திய பிறகு ஹெட் மூடும் முன் மேலிருந்து படம் கேளுங்கள், கழற்றிய பழைய பிஸ்டன்களைத் திருப்பிக் கேளுங்கள். என்னிடம் “ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு” என்றார்கள். டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் இயந்திரம்) தாளில் குதிரைசக்தி மட்டும் இருந்தால் போதாது, காற்று-எரிபொருள் விகிதக் கோடும் வேண்டும், எந்தப் பெட்ரோலில் ஓட்டினார்கள் என்றும் எழுதி வாங்குங்கள். கம்ப்ரஷன் டெஸ்டர் காட்டும் எண்ணை வைத்து ரேஷியோவை நிரூபிக்க முடியாது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைப் பொறுத்து அது மாறும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். பில், வாட்ஸ்அப் பேச்சு, உடைந்த பிஸ்டன், அடுக்கிய கேஸ்கெட் எதையும் தூக்கி எறியாதீர்கள். ஹெட்டைத் திறக்கும்போது தொடக்கத்திலிருந்தே வீடியோ எடுங்கள், அளந்த மெக்கானிக்கிடம் அளவுகளைக் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.