‘அப்கிரேட்’ என்று சொல்லிப் பாதுகாப்பு சுவிட்சைச் செயலிழக்கச் செய்துவிட்டுப் போன மெக்கானிக்

பெல்லட் அடுப்பு வைத்திருப்பவர்கள், முக்கியமாகப் பழைய அடுப்போடு வீடு வாங்கியவர்கள், இதைப் படித்துவிடுங்கள். 885 டாலர் போனதைவிட, அந்தப் பணத்துக்கு என்ன வேலை நடந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், நாஷுவாவை ஒட்டிய ஒரு சிறிய ஊர். பெல்லட் எனப்படும், மரத்தூளை இறுக்கிச் செய்த குளிகைகளை எரிக்கும் கணப்பு அடுப்பு வரவேற்பறையில் முன்பே இருந்தது. கட்டை எரிக்கும் அடுப்பு போல எளிமையானது அல்ல இது. குளிகைகளைத் தள்ளும் திருகுத்தண்டு, அதைச் சுழற்றும் மோட்டார், புகையை வெளியே தள்ளும் விசிறி, எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் கண்ட்ரோல் போர்டு என்று உள்ளே பல பாகங்கள். எல்லாமே தேயும். எது தேய்ந்தது என்பது நமக்குத் தெரியாது. அங்கேதான் ஏமாந்தேன்.

ஜனவரியில் ஒரு நாள் அடுப்பு பற்றிக்கொண்டு, பத்து நிமிடத்தில் தானாக அணைந்தது. மறுபடி போட்டாலும் அப்படியே. வெளியே உறைபனி. மளிகைக் கடைப் பலகையில் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டைப் பார்த்து ஒருவரை அழைத்தேன். பெயர் எழுதாத வெள்ளை வேனில் வந்தார். ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “போர்டு போய்விட்டது, மோட்டாரும் பலவீனமாக இருக்கிறது. இன்னும் வலுவானதாக அப்கிரேட் செய்து தருகிறேன், வெப்பம் கூடும்” என்றார். போர்டு 420, மோட்டார் 260, கூலி 205. ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார், கொடுத்தேன். கழற்றிய பாகங்களை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

“ரசீது வாங்கினீர்களா?” என்று மனைவி கேட்டாள். அடுப்பு அழகாக எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இரண்டு நாள் தீ ஆளுயரத்துக்கு எழாத குறை. மூன்றாம் நாள் கண்ணாடி கறுத்தது, எரியாத குளிகைகள் தீக்கிண்ணத்தில் குவிந்தன, அறையில் புகை நெடி. ஐந்தாம் நாள் இரவு, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் கண்டறியும் அலாரம் அலறியது. பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு பனியில் நின்றபடி 911 அவசர எண்ணை அழைத்தோம். காற்றின் பத்து லட்சம் பங்கில் இந்த வாயு 70 பங்கு (70 பிபிஎம்) இருந்தால் இந்த அலாரம் ஒலிக்க ஒரு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் வரை ஆகலாம், தரநிலையே அப்படித்தான். நாங்கள் எவ்வளவு நேரம் சுவாசித்தோம் என்று கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு, தேசிய கணப்பு நிறுவனமான என்எஃப்ஐ-யின் பெல்லட் சான்றிதழ் பெற்ற ஒரு பெண்மணியை வரவழைத்தோம். பின் பலகையைத் திறந்ததும் ஒரு கணம் பேசாமல் இருந்தார். பிறகு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

இந்த அடுப்பில் வெற்றழுத்த சுவிட்ச் என்று ஒன்று உண்டு. புகைவிசிறி ஒழுங்காக இழுத்தால்தான் அது குளிகை விழ அனுமதிக்கும். குழாய் அடைத்தாலோ கதவு கசிந்தாலோ தீனியை நிறுத்திவிடும். எங்கள் அடுப்பு பத்து நிமிடத்தில் அணைந்ததற்குக் காரணம் அதுதான். பழுது அல்ல, தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்த மனிதர் சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு சிவப்பு வயரால் நேராகப் பிணைத்து, அது இருந்தும் இல்லாததுபோல் ஆக்கியிருந்தார். அளவுக்கு மீறிச் சூடானால் நிறுத்தும் சுவிட்சுக்கும் அதே கதி. தீ திருகுத்தண்டு வழியே குளிகைத் தொட்டிக்குள் ஏறினாலும் தடுக்க ஒன்றுமில்லை.

மோட்டார் புதியதுதான். ஆனால் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழல வேண்டிய இடத்தில் இரண்டு சுற்று சுழல்வது. தீனி இரட்டிப்பு, காற்று பழைய அளவு. குளிகை எரியாமல் குவியாமல் என்ன செய்யும்? ‘புது’ போர்டின் மேல் 2009 என்று அச்சிட்ட ஸ்டிக்கர். பழைய போர்டு ஒன்றைத் துடைத்து மாட்டியிருக்கிறார்!

உண்மையான கோளாறு? கதவைச் சுற்றியிருக்கும் கயிறு போன்ற அடைப்பான் நசுங்கித் தட்டையாகியிருந்தது. சுவிட்சுக்குப் போகும் ரப்பர் குழாயிலும் புகைக்குழாயிலும் சாம்பல். அடைப்பானின் விலை 28 டாலர். ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள் என்று அந்தப் பெண்மணி காட்டினார். எங்கள் நோட்டு வெண்ணெயில் வைத்ததுபோல வழுக்கி வந்தது. இதை நானே செய்திருக்கலாம். புகைவிசிறியின் பேரிங் மட்டும் நிஜமாகவே தேய்ந்திருந்தது, அதை முதல் ஆள் தொடக்கூட இல்லை.

அடுப்பு பத்து நிமிடத்தில் அணைந்தால் முதலில் சாம்பலையும் கதவையும் பாருங்கள். யாராவது மோட்டாரை மாற்றினால் அதன் லேபிளில் உள்ள சுற்று எண்ணும் சுழலும் திசையும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று கேளுங்கள். கழற்றிய பாகத்தை வாங்கி வையுங்கள். பின் பலகையை மூடுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரே வயர் தொட்டுக்கொண்டிருந்தால் மூட விடாதீர்கள்.

துண்டுச்சீட்டில் இருந்த எண் இப்போது மணி அடித்து ஓய்கிறது. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்குப் புகார் எழுதியிருக்கிறேன், சிவப்பு வயரின் படத்தோடு. ரொக்கம் கொடுத்ததால் கார்டு நிறுவனத்திடம் முறையிட வழியில்லை. நேற்று மளிகைக் கடைக்குப் போனேன். அதே பலகையில் அதே எழுத்தில் புதிய துண்டுச்சீட்டு, வேறு எண்ணோடு. மேலாளரிடம் சொல்லி எடுக்க வைத்தேன்.