பென் ஸ்டேட் கவலை வினாத்தாள்: கூட்டும்போது கவனம் தேவை

இன்று என்ன கவலை என்று இந்தத் தாள் கேட்பதில்லை. பணமா, பிள்ளையா, உடம்பா என்று எதற்குள்ளும் போகாமல், கவலைப்படும் சுபாவம் ஒருவரிடம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை மட்டும் அளக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் போர்கோவெக்கின் குழுவினர் உருவாக்கி 1990-இல் வெளியிட்டார்கள். இதன் பெரிய பலமே இந்தப் பொதுத்தன்மைதான்.

மொத்தம் 16 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 (கொஞ்சமும் பொருந்தாது) முதல் 5 (மிகவும் பொருந்தும்) வரை போட வேண்டும். கூட்டுத்தொகை 16-இல் தொடங்கி 80 வரை போகும்.

கூட்டும்போதுதான் தப்பு நடக்கிறது. 1, 3, 8, 10, 11 ஆகிய ஐந்தும் 'எனக்குக் கவலை வராது' என்ற திசையில் எழுதப்பட்டவை. இவற்றின் விடையை 6-இலிருந்து கழித்த பிறகே சேர்க்க வேண்டும்: 5 போட்டிருந்தால் 1, 2 போட்டிருந்தால் 4. கடுமையாகக் கவலைப்படுபவர் ஐந்துக்கும் 1 போட்டிருக்க, திருப்ப மறந்துவிட்டால் 25 வரவேண்டிய இடத்தில் 5 வரும். முழுதாக 20 மதிப்பெண் போய்விடும்!

தமிழில் கேட்கும்போது இதே வரிகள்தான் குழப்பும். 'கவலைப்படுவதே இல்லை' என்பதற்குப் 'பொருந்தாது' என்று சொல்வது இரட்டை எதிர்மறை. வாய்விட்டு நிதானமாகப் படித்துக் காட்டுவது நல்லது. இன்னொன்று, நம் பேச்சில் 'கவலையா இருக்கு' என்றால் துக்கமும் அதற்குள் வந்துவிடும். இங்கே கேட்பது, நடக்கப்போவதை நினைத்து மனம் ஓயாமல் அடித்துக்கொள்வதைப் பற்றி என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் 3 போட்டவருக்கு 48 வரும். ஆய்வுகள் சிலவற்றில், கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் எல்லைக்கோடாக வைத்த 45-ஐ அது தாண்டிவிடும்! அதனால் கூட்டும் முன் ஒரே எண் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லைக்கோடும் ஒன்றே ஒன்று அல்ல. சமூகப் பதற்றத்திலிருந்து பொதுப் பதற்றக் கோளாறை (பல விஷயங்களைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் நோயை) பிரித்தறிய 65 வரை வைத்திருக்கிறார்கள். எண்ணை வைத்து மட்டும் நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

கடந்த இரண்டு வாரத்து நிலை தெரிய வேண்டுமென்றால் 2006-இல் வந்த ஜிஏடி-7 (பொதுப் பதற்றக் கோளாறுக்கான குறு வினாத்தாள்) பொருத்தம்: ஏழே கேள்வி, 0 முதல் 21, பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். சிகிச்சையில் வாரா வாரம் மாற்றம் பார்ப்பவர்களுக்கு, பென் ஸ்டேட் தாளிலேயே கடந்த வாரத்தை மட்டும் கேட்கும் 15 வரி வடிவம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு 14 வரி கொண்ட தனி வடிவம் உண்டு; பெரியவர்கள் தாளை அவர்களிடம் நீட்ட வேண்டாம்.