கடல் சேற்றை அனுப்பினால் டிஎன்ஏ கணக்கு அனுப்பும் சேவை: என் அனுபவம்

கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளுக்கு அடியில் உள்ள சேறுதான் என் ஆய்வுக் களம். தீவனத்தில் கலந்து போடும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தில் பெரும்பகுதி மீனின் உடம்பில் ஒட்டாது. கழிவோடும் தின்னாமல் விட்ட தீவனத்தோடும் கீழே போய்ப் படியும். அங்கே உள்ள பாக்டீரியாக்களை அது என்ன செய்கிறது என்று பார்க்க, டிஎன்ஏ பகுப்பாய்வுச் சேவை ஒன்றை அமர்த்தினேன். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

ஆய்வகத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். சேற்றில் மக்கிய பொருளிலிருந்து வரும் ஹ்யூமிக் அமிலம், டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் முறையைப் படுத்தி எடுக்கும். அதை நன்றாக நீக்கியிருந்தார்கள். மாதிரி எதுவும் போடாத வெற்றுக் குழாயின் முடிவையும் கேட்காமலே இணைத்திருந்தார்கள். ஆன்டிபயாடிக்குகளை எதிர்க்கும் சல்1, டெட்எம் மரபணுக்களின் எண்ணிக்கையை நான் தயங்காமல் நம்புகிறேன்.

சிக்கல் அறிக்கையில்தான். எல்லாம் ஒவ்வொரு பாக்டீரியா வகையின் பங்கைக் காட்டும் சதவீதப் பட்டைகள். கூண்டுக்கு அடியில் சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களின் பங்கு கூடியிருப்பதாகக் காட்டி, 'ஆன்டிபயாடிக்கின் தாக்கம்' என்று முடிவும் எழுதிவிட்டார்கள். மற்றவை செத்து மொத்தம் குறைந்தாலும் இவற்றின் பங்கு கூடத்தானே செய்யும்? அதோடு, குவியும் தீவனமும் கழிவும் மட்டுமே ஆக்ஸிஜனைத் தீர்த்து இந்தக் கூட்டத்தை வளர்த்துவிடும், மருந்து ஒரு துளி இல்லாவிட்டாலும். மருந்து போடாத கூண்டின் சேறு இல்லாமல் இரண்டையும் பிரிக்க முடியாது. அந்த மாதிரியையும்தான் அனுப்பியிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை.

இன்னொன்று, சேற்றில் இருக்கும் மருந்தெல்லாம் வேலை செய்யும் மருந்து அல்ல. கடல்நீரின் மக்னீசியமும் கால்சியமும் டெட்ராசைக்ளின் வகையைப் பிடித்துக்கொண்டு அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவும் சேற்றில் நெடுநாள் கிடக்கும், கணக்கில் உயிருள்ளது போலவே ஏறும். இதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் வேலை நடக்கிறதா நின்றுவிட்டதா என்பதுதான் எனக்கு முக்கியம். அதை இந்தப் பட்டைகளில் தேடிப் பயனில்லை, சேற்றை அடைத்து வைத்து நாமே அளக்க வேண்டும்.

அவர்கள் தரும் அகலவாய்ப் புட்டியையும் தவிர்த்துவிடுங்கள். கடலோரச் சேற்றில் ஆக்ஸிஜன் மேலே சில மில்லிமீட்டர் வரைதான் இறங்கும். அள்ளிப் போட்டால் அடுக்கெல்லாம் கலந்துபோகும். குழாயில் எடுத்து, மெல்லிய வில்லைகளாக அறுத்துத் தனித்தனியாக உறையவைத்து அனுப்புங்கள், வாங்கிக்கொள்கிறார்கள்.

கேட்டதும் மூலத் தரவை முழுதாகக் கொடுத்தார்கள். தனிக் கட்டணத்துக்கு மொத்த பாக்டீரியா அளவையும், டிஎன்ஏவின் அளவைக் கணக்கிடும் குவாண்டிடேட்டிவ் பிசிஆரில் பார்த்துத் தந்தார்கள். அது இருந்தால்தான் பட்டைகளுக்கே அர்த்தம், அடிப்படைக் கட்டணத்திலேயே சேர்த்திருக்க வேண்டும். அடுத்த மாதிரிகளும் இவர்களிடமே போகும். விளக்கப் பக்கம் வேண்டாம், எண்கள் மட்டும் போதும் என்று படிவத்திலேயே எழுதிவிடுவேன்.