சபையா, திருச்சபையா?

பெரிய மகளுக்கு இந்த வருஷம் திடப்படுத்தல், அதாவது சபையில் முழு அங்கத்தினராகும் சடங்கு. அவள் கையில் எந்த வேதப்புத்தகத்தைக் கொடுப்பது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு. ஹென்றி பவர் குழு செய்து 1871-இல் வந்த பழைய திருப்புதல் என்கிற மொழிபெயர்ப்பா, கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த திருவிவிலியமா? நான் பழையதையே வாங்கினேன்.

வாசிக்க எளிது திருவிவிலியம்தான், அதில் வாதமே இல்லை. வேதத்துச் சங்கீதங்களை மனப்பாடம் பண்ணப் பழையது. என்னை நிறுத்தியது மத்தேயு 18:17. தப்பு செய்த சகோதரன், தனியாகச் சொல்லியும் சாட்சி வைத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அடுத்து என்ன? பழையதில் 'சபைக்குத் தெரியப்படுத்து.' திருவிவிலியத்தில் 'திருச்சபையிடம் கூறுங்கள்.' கூடியது ஒரு 'திரு'தான். ஆனால் எங்கள் ஊரில் சபை என்றால் ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்காரும் நாற்பது வீட்டார். 'சபையில சொல்லிருவேன்' என்றால் அவர்கள் முன்னால் என்று அர்த்தம். திருச்சபை என்றதும் மனசு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிவிடுகிறது. ஊசிக்கோபுரம், டயோசீசன் ஆபீஸ், மனு, முத்திரை.

அதிகாரம் கூடியிருக்கிற ஜனத்திடமா, மேலிடத்திடமா என்ற இந்தச் சண்டை பழசு. 1526-இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலமாக்கிய டிண்டேல் 'காங்கிரிகேஷன்' (கூடிவந்த ஜனம்) என்று வைத்த இடத்தில் 'சர்ச்' என்ற சொல்தான் நிற்க வேண்டும் என்பது, ஜேம்ஸ் அரசர் காலத்து மொழிபெயர்ப்பாளர்களுக்கு விதித்த விதிகளில் ஒன்று. பாளையங்கோட்டையில் இருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கிய ரேனியஸ் ஐயரும், குருப்பட்டம் யார் கொடுப்பது என்ற பிணக்கு முற்றித்தான் 1835-இல் மிஷனிலிருந்து விலக்கப்பட்டார்.

பிலிப்பியர் 1:1-ஐப் பாருங்கள். பழையதில் 'கண்காணிகள்', 'உதவிக்காரர்'. புதியதில் 'சபைக் கண்காணிப்பாளர்கள்', 'திருத்தொண்டர்கள்'. மாஞ்சோலைத் தேயிலைக் காட்டில் வேலை பார்த்த எங்கள் பெரியப்பாவுக்குக் கண்காணி என்றால் எஸ்டேட்டில் கூலியாட்களை மேய்க்கும் கங்காணிதான். 1 தீமோத்தேயு 3-இல் கண்காணிப்பை விரும்புகிறவன் 'நல்லவேலையை விரும்புகிறான்' என்று வாசித்துவிட்டு, "வேலைதாம்லே, பதவியில்ல" என்பார். கண்காணி ஸ்தானத்தில் இருக்கிற அத்தியட்சரை, அதாவது பிஷப்பைக்கூட, 'விரும்புகிறவன்' என்று 'ன்' போட்டுப் பேசுகிற புத்தகம் எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

திருவிவிலியத்தை வீட்டு ஜெபத்தில் ஒரு வருஷம்தான் வாசித்திருக்கிறேன். அதிலேயே வளர்ந்த ஆர்.சி. வீட்டுக்காரர்களுக்குத் 'திருச்சபை' என் காதில் விழுகிற மாதிரி விழாமலும் இருக்கலாம்.

அப்புறம், என் வீட்டம்மா என்னை மடக்கிய இடம் யோவான் 4. கிணற்றடியில் சமாரியா ஸ்திரீ பழையதில் 'என்றாள்'. திருவிவிலியத்தில் 'கேட்டார்'. "அத்தியட்சருக்கு 'ன்' போட்டா சந்தோசப்படுதீங்க, இவளுக்கு 'ர்' போட்டா என்ன குறையுது?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மகள் மச்சினி வீட்டிலிருந்து திருவிவிலியம் ஒன்றை இரவல் வாங்கி வந்து, அந்தப் பக்கத்தில் மயிலிறகு வைத்திருந்தாள்.