பழைய சாஃப்ட்னரை மாற்றியபோது பார்த்தவையும், புதியதை ஓட்டியபின் தெரிந்தவையும்

வீட்டுக்கு வரும் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் பழைய வாட்டர் சாஃப்ட்னர் ஒரே நாளில் கெடவில்லை. சோப்பு நுரை குறைந்தது, குழாய் வாயில் வெள்ளைப் படிவு மறுபடி கட்டியது. ஷவரைக் கழற்றிப் பார்த்தால் சல்லடையில் கடுகைவிடச் சின்னதாய், தேன் நிறத்தில் உருண்டைகள். சாஃப்ட்னர் தொட்டிக்குள் இருந்து தண்ணீரின் கடினத்தன்மையைப் பிடிக்க வேண்டிய ரெசின் மணிகள் அவை. விரலால் நசுக்கினால் கூழாகிவிட்டன. குளோரின் கலந்த தண்ணீர் வருடக்கணக்கில் பட்டால் ரெசின் இப்படித்தான் இளகும். ரெசினை மட்டும் மாற்றலாம் என்றால் வால்வும் தேய்ந்திருந்தது. அதற்கு உதிரி பாகமே கிடைக்கவில்லை.

புதியது தேடும்போது விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருள்களின் அளவு) மீட்டரைத்தான் நீட்டுகிறார்கள். சாஃப்ட்னர் வாங்க அந்த எண் உதவாது. கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவதுதான் இதன் வேலை, அதனால் டிடிஎஸ் குறையவே குறையாது. பார்க்க வேண்டியது கடினத்தன்மை, அதாவது அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பது. சொட்டு மருந்து கிட் போதும்: சிவந்திருக்கும் தண்ணீர் எத்தனையாவது சொட்டில் நீலமாகிறது என்று எண்ணினால் கணக்கு வந்துவிடும்.

அந்தக் கணக்கு இல்லாமல் அளவைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1250 கிராம். தண்ணீரின் கடினத்தன்மை 500 பிபிஎம் (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) என்றால், சுமார் 2500 லிட்டர் ஓடியதும் ரெசினை உப்புக் கரைசலால் கழுவி மறுபடி தயாராக்க வேண்டும். வீட்டுச் செலவை இதோடு ஒப்பிட்டாலே சின்ன மாடல் தாங்குமா என்று புரிந்துவிடும்.

நான் அதிகம் யோசித்தது வால்வைப் பற்றித்தான். தொட்டி வெறும் ஃபைபர் உருளை, அதில் கெட்டுப்போக பெரிதாக ஒன்றுமில்லை. ஆயுளைத் தீர்மானிப்பது மேலே இருக்கும் வால்வு. டைமர் வைத்தது, தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள் பார்த்துக் கழுவும். மீட்டர் வைத்தது, ஓடிய லிட்டரைப் பார்த்துக் கழுவும். ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களில் உப்பும் தண்ணீரும் வீணாகாததால் மீட்டர் வகையை எடுத்தேன். சீல், பிஸ்டன், இன்ஜெக்டர் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு உறுதி செய்த பிறகே வாங்கினேன். இத்தனை வருடத்தில் என்னைக் காப்பாற்றியது அந்தக் கேள்விதான். இன்ஜெக்டரின் ஊசித்துளையில் அழுக்கு அடைத்தால் உப்புக் கரைசல் உறிஞ்சப்படாது. மெஷின் ஓடும், தண்ணீர் மட்டும் மாறாது. அதைக் கழற்றிக் கழுவ அரைமணி நேரம்கூட ஆகாது.

இன்னொரு தொல்லை உப்புத் தொட்டியில். மேலே உப்பு நிறைந்து தெரியும், அடியில் கெட்டிப் பாலம் கட்டிக் காலியாக இருக்கும். மரக்குச்சியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அயோடின் சேர்க்காத சுத்தமான கல்லுப்பு போட்டு, தொட்டியை ரொம்பவும் நிரப்பாமல் வைத்தால் இது குறைகிறது.

தண்ணீரில் இரும்பு இருந்தால் முன்னாலேயே தனி ஃபில்டர் வேண்டும், இல்லாவிட்டால் ரெசின் செம்பழுப்பேறி வேலை குறைந்துவிடும். குழாயில் மாட்டும் காந்தக் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை.

500 பிபிஎம் தண்ணீரை மென்மையாக்கும்போது லிட்டருக்குச் சுமார் 230 மில்லிகிராம் சோடியம் கூடும். அதனால் குடிக்கும் குழாயையும் செடிகளுக்கான குழாயையும் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்து விட்டிருக்கிறோம். வீட்டில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் பிளம்பர் வரும் அன்றே இதைச் சொல்லிவிடுங்கள்.