விலங்குகளிடம் விட்டுவிடக் கற்பது: ஓர் ஒலிப்பாடத் தொடர் பற்றி

பிடித்ததை விட முடியாமல் தவிப்பவர்களுக்காக, விலங்குகளின் நடத்தையை வைத்துத் தயாரித்த ஓர் ஒலிப்பாடத் தொடரை முழுதாகக் கேட்டேன். பெரும்பகுதி அருமை. ஒரு பாடத்தை மட்டும் கண்டிப்பாக நீக்க வேண்டும்.

பல்லி வால் பாடம்தான் உச்சம். வால் எலும்பிலேயே முறிவதற்கான இடங்கள் முன்கூட்டியே அமைந்திருக்கின்றன, ஆபத்து வந்ததும் தசை இறுகி அங்கே முறிகிறது, அறுந்த வால் துள்ளுவதை எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது பல்லி ஓடிவிடுகிறது. இதோடு நிறுத்தியிருந்தால் வழக்கமான பேச்சாகியிருக்கும். பல பல்லிகள் கொழுப்பில் பெரும்பங்கைச் சேர்த்து வைப்பதே அந்த வாலில்தான், மறுபடி முளைப்பதில் பழைய எலும்பு வராது, குருத்தெலும்புதான் வரும் என்பதையும் சொல்கிறார்கள். அந்த இழப்பை மறைக்காதது எனக்கு மிகவும் பிடித்தது. வேலையையோ உறவையோ விட்டு வந்தவரிடம் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லியே அவரை அழக்கூட விடாமல் செய்துவிடுகிறோமே!

துறவி நண்டுப் பாடம் சின்னது. காலியான சங்கு, நத்தை ஓடுகளில் குடியிருக்கும் இந்த நண்டு, வேறொரு ஓடு கிடைத்தால் அதைத் தடவிப் பார்த்து, உள்ளே நுழைந்து பார்த்து, சரிப்படவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடுமாம். அவ்வளவுதான், ஆனால் பயனுள்ளது.

அப்புறம் ஓர்க்கா என்ற கொலைத் திமிங்கிலம். 2018இல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் தாலெக்வா என்ற தாய், பிறந்து சிறிது நேரத்திலேயே இறந்த தன் குட்டியை 17 நாள், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் சுமந்து நீந்தியது. இதைச் சொல்பவர் அவசரப்படவே இல்லை, "பிறகு விட்டுவிட்டது பாருங்கள்" என்று பாடம் பிழியவும் இல்லை.

கோபம் வந்தது கழுகுப் பாடத்தில். 40 வயதில் மலையேறி, அலகைப் பாறையில் மோதி உடைத்து, இறகைப் பிடுங்கி, மறுபிறவி எடுக்கும் என்ற அதே கதை! அலகு இல்லாமல் மாதக்கணக்கில் கழுகு எதைத் தின்னும்? உண்மையில் கழுகின் அலகு வாழ்நாள் முழுக்கத் தேய்ந்து தேய்ந்து வளர்கிறது, இறகுகளைச் சிறிது சிறிதாக உதிர்ப்பதால் பறப்பதும் நிற்பதில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக அறுத்தெறியச் சொல்லும் பொய்க்கதையைவிட இந்த உண்மை எவ்வளவு ஆறுதலானது!

இன்னொரு குறை, விட முடியாமலே போன உயிர்களுக்கு இடமில்லை. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குட்டால் தான்சானியாவின் கோம்பே காட்டில் கவனித்த ஃபிளிண்ட் என்ற சிம்பன்சி, 1972இல் தாய் ஃபுளோ இறந்த சில வாரங்களில் தானும் இறந்தது. அதையும் சேர்த்திருக்கலாம், சிலருக்குத் துணை இல்லாமல் முடியாது என்பது புரிந்திருக்கும்.

குரல் நிதானம், பின்னணி இசை மட்டும் சற்று அதிகம். துக்கத்தில் இருக்கும் யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் ஓர்க்காவை முதலில் அனுப்புங்கள், பல்லியைக் கொஞ்ச நாள் கழித்து. கழுகை அனுப்பவே வேண்டாம்.