மும்முனை அதிர்வெண் மாற்றியில் ஒருமுனைச் சுமை: டிரைவும் டிரான்ஸ்ஃபார்மருமா, தனி மாற்றியா?

பெயர்ப்பலகையில் 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று குறித்திருக்கும் ஒருமுனைக் கம்ப்ரசர்களையும் விசிறி மோட்டார்களையும் பழுதுபார்த்தபின் ஓட்டிப் பார்த்தே ஒப்படைக்க வேண்டும் என்ற நிலை எங்கள் பட்டறைக்கு வந்தபோது, எங்களிடம் 50 ஹெர்ட்ஸ் மும்முனை மின்சாரம் மட்டுமே இருந்தது. 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை அதே 230 வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதன் இரும்பகத்தில் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. இரும்பகம் நிறைவுற்று, மோட்டார் சூடேறுகிறது. அந்த நிலையில் எடுக்கும் ஆம்பியர் கணக்கை நம்பி எதையும் சரி என்று சொல்ல முடியாது. ஆகவே அதிர்வெண் மாற்றி தேவைப்பட்டது.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. மோட்டார் ஓட்டும் சாதாரண மும்முனை டிரைவை (வரும் மின்சாரத்தை டிசியாக்கி, வேண்டிய அதிர்வெண்ணில் மறுபடி ஏசியாக்கும் கருவி) வாங்கி, அதன் பின்னால் வெளியீட்டைச் சைன் அலையாக்கும் சைன் ஃபில்ட்டரும், உள்ளீட்டுச் சுருள்களை முக்கோணமாகவும் வெளியீட்டுச் சுருள்களை நடுவே நியூட்ரலோடு நட்சத்திரமாகவும் இணைத்த டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரும் வைப்பது ஒன்று. நியூட்ரலோடு நான்கு கம்பி வெளியீடு தரும் மும்முனை மாற்றியை வாங்கி, ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமையை இணைப்பது இரண்டாவது. ஒருமுனை வெளியீட்டுக்கென்றே செய்த மாற்றி மூன்றாவது. நாங்கள் முதல் வழியைத் தேர்ந்தோம்; இப்போது தேர்ந்தாலும் அதையே தேர்வேன், ஆனால் முதலில் வாங்கிய அளவில் அல்ல.

டிரைவின் இரண்டு முனைகளில் சுமையை நேரே இணைத்துவிடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. டிரைவின் வெளியீடு சைன் அலை அல்ல; 400 வோல்ட் இணைப்பில் ஏறத்தாழ 540 வோல்ட் உயரமுள்ள துடிப்புகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டப்பட்டு வருகின்றன. சுமையில் கெபாசிட்டர் எங்கே இருந்தாலும், ஒவ்வொரு துடிப்பின் விளிம்பிலும் அதற்குள் மின்னோட்டம் பாய்ந்து அதைச் சூடேற்றும். டிரைவின் ஒரு முனையை எடுத்துக்கொண்டு, திரும்பும் கம்பியை மின்வாரிய நியூட்ரலில் சேர்ப்பது இதைவிட மோசம். அந்த மின்னோட்டம் டிரைவுக்குள் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வழியாகத் திரும்புவதால், டிரைவ் அதை எர்த் கசிவு என்று எண்ணி நின்றுவிடும், அல்லது கெட்டுவிடும்.

அளவுக் கணக்கு எளிது, ஆனால் வாங்கும்போது மறந்துபோகிறது. 15 கேவிஏ, 400 வோல்ட் மாற்றி ஒன்று ஒவ்வொரு முனையிலும் சுமார் 21.7 ஆம்பியர் தரும். ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே மட்டும் சுமை இருந்தால் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5 கேவிஏ. இரு முனைகளுக்கு இடையே என்றால் 8.7 கேவிஏ வரை, அதாவது 58 சதவீதம். டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரில் ஸ்டார் பக்கத்தின் ஒரு முனையில் வைக்கும் சுமை, டெல்டா பக்கத்தில் இரு முனைகளுக்கு இடையிலான சுமையாகவே தெரிகிறது. எனவே டிரைவைப் பொறுத்தவரை அந்த 58 சதவீதக் கணக்கே பொருந்தும். டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு விதி மாறாது: ஒரு முனையில் 3 கேவிஏ வேண்டுமென்றால் 9 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும்.

இந்தக் கணக்கை மட்டும் நம்பித்தான் முதலில் 4 கிலோவாட் டிரைவை வாங்கினோம். எங்கள் பெரிய சுமை 3 கேவிஏ. டெல்டா பக்கத்தில் அது 7.5 ஆம்பியர்; டிரைவோ 9 ஆம்பியருக்கு மேல் தரக்கூடியது. ஆயினும் சுமை ஏறிய சில நிமிடங்களில் டிரைவ் உள்ளீட்டு முனை இழப்பு என்று காட்டி நின்றது. உள்ளே வரும் மூன்று முனைகளையும் அளந்தோம், சரியாக இருந்தன. ஃபியூஸ்களையும் கான்டாக்டரையும் மாற்றினோம், மறுபடியும் அதே பிழை. பழுது உள்ளே வரும் பக்கத்தில் இல்லை, வெளியே போகும் பக்கத்தில் இருக்கிறது என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று.

இந்த ஒப்பீட்டை முடிவுசெய்வது அந்தக் காரணம்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சமநிலையான மும்முனைச் சுமை எடுக்கும் மொத்த மின்திறன் நொடிக்கு நொடி மாறாதது. ஒருமுனைச் சுமை அப்படியல்ல; அது எடுக்கும் திறன் வெளியீட்டு அதிர்வெண்ணின் இரு மடங்கில் ஏறி இறங்குகிறது. 60 ஹெர்ட்ஸ் வெளியீட்டில் இது 120 ஹெர்ட்ஸ். இந்த ஏற்ற இறக்கத்தை டிரான்ஸ்ஃபார்மராலும் ஃபில்ட்டராலும் நீக்க முடியாது. அது அப்படியே டிரைவின் டிசி பஸ்ஸுக்கு, அதாவது ரெக்டிஃபையருக்கும் வெளியீட்டுக்கும் நடுவிலுள்ள டிசி இணைப்புக்குப் போய், அங்குள்ள கெபாசிட்டர்களின் மேல் விழுகிறது. 3 கேவிஏ சுமைக்கு, 540 வோல்ட் பஸ்ஸில், முழுவதையும் கெபாசிட்டர்களே தாங்குவதாக வைத்துக்கொண்டால், உச்சம் சுமார் 5.6 ஆம்பியர், ஆர்எம்எஸ் (சூடேற்றத்தைத் தீர்மானிக்கும் பயனுறு அளவு) சுமார் 4 ஆம்பியர் கூடுதல் அலைவு மின்னோட்டம் வரும். ஒரு பகுதியை ரெக்டிஃபையர் பகிர்ந்துகொள்வதால் நடைமுறையில் இது குறையும். ஆனாலும் மும்முனை மோட்டாருக்காக வடிவமைத்தவர் கணக்கில் கொள்ளாத சுமை அது. பல டிரைவ்கள் உள்ளீட்டு முனை இழப்பைக் கண்டறிவது டிசி பஸ்ஸின் அலைவை வைத்துத்தான். ஒரு முனை போனால் 50 ஹெர்ட்ஸ் இணைப்பில் 100 ஹெர்ட்ஸ் அலைவு பெருகும் என்பது அவற்றின் கணக்கு. வெளியீட்டுச் சுமையால் வந்த 120 ஹெர்ட்ஸ் அலைவை எங்கள் டிரைவ் முனை இழப்பு என்றே தவறாகப் படித்தது.

நின்றுபோவது தொல்லை மட்டுமே; உண்மையான இழப்பு கெபாசிட்டரின் ஆயுளில் இருக்கிறது. எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் உள்வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் விதி. 16.7 ஹெர்ட்ஸ் ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் ஜெர்மன், ஆஸ்திரிய, சுவிஸ் ரயில்வேக்களின் மாற்றி நிலையங்களில்கூட இதே அலைவு 33.4 ஹெர்ட்ஸில் வருகிறது. அதை உறிஞ்சிக்கொள்ளவே டிசி பக்கத்தில் அந்த அதிர்வெண்ணுக்கு இசைவித்த தனி வடிகட்டி வைப்பதுண்டு. சிறிய டிரைவில் அப்படி எதுவும் கிடையாது. நமக்குள்ள வழி, டிரைவை ஆம்பியர் கணக்குக்கு மேல் பெரிதாக எடுத்து, கூடுதல் கெபாசிட்டர் அளவைப் பெறுவதுதான். 4 கிலோவாட்டை எடுத்துவிட்டு 7.5 கிலோவாட் டிரைவை வைத்த பிறகு, அதே சுமையில் அந்தப் பிழை திரும்பவில்லை. விசிறி, பம்புகளுக்கென்று மிகச் சிறிய பிலிம் கெபாசிட்டர்களோடு வரும் டிரைவ்களை இந்த வேலைக்குத் தவிர்க்க வேண்டும். முனை இழப்புப் பாதுகாப்பை அமைப்புகளில் அணைத்துத் தப்பிக்க நினைப்பவர்கள், உள்ளீட்டில் தனியாக ஒரு முனை இழப்பு ரிலே வைத்துவிட்டே அணைக்க வேண்டும்.

டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரை நான் வலியுறுத்துவதும் இந்த அலைவுக்காகவே. ஒரே ஒரு சுமைதான் என்றால், 400 வோல்ட்டை 230 ஆக்கும் ஒருமுனை டிரான்ஸ்ஃபார்மர் போதும், விலையும் குறைவு. ஆனால் ஸ்டார் பக்கத்தில் மூன்று முனைகள் இருந்தால் மூன்று சோதனை மேசைகளைப் பிரித்து இணைக்கலாம்; ஒரே அளவும் ஒரே வகையுமான மூன்று சுமைகள் ஓடும்போது அலைவு அடியோடு நீங்குகிறது. இரண்டு சுமைகளை இரு முனைகளில் வைத்தாலும், மொத்த அலைவு ஒரு சுமையின் அளவோடு நின்றுவிடும்; அவற்றை ஒரே முனையில் வைத்திருந்தால் இரு மடங்காகியிருக்கும். ஸ்டார் புள்ளியை எர்த் செய்து கிடைக்கும் நியூட்ரல் டிரைவிலிருந்து முற்றிலும் பிரிந்தது. எனவே கசிவுப் பாதுகாப்புக் கருவியும் முறையாக வேலை செய்கிறது.

அமைப்புகளில் கவனம் வேண்டும். வோல்ட்டும் ஹெர்ட்ஸும் ஒரே விகிதத்தில் ஏறும் நேர்கோட்டு வோல்ட்-ஹெர்ட்ஸ் முறை, அடிப்படை அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், டார்க் பூஸ்ட் (குறைந்த அதிர்வெண்ணில் வோல்ட்டைக் கூட்டுவது) சுழியம், ஸ்லிப் ஈடுசெய்தலும் (சுமைக்கேற்ப அதிர்வெண்ணை மாற்றுவது) டிசி பிரேக்கிங்கும் (டிசி செலுத்தி மோட்டாரை நிறுத்துவது) அணைக்கப்பட்டவை. டிசி சிறிதளவு போனாலும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பகம் நிறைவுறும். டிரைவ் துடிப்புகளை வெட்டும் வேகமான கேரியர் அதிர்வெண்ணை ஃபில்ட்டருக்குக் குறித்த அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது. ஃபில்ட்டரில் சில சதவீத வோல்ட் இழப்பு உண்டு என்பதால், டிரான்ஸ்ஃபார்மரின் டெல்டா பக்கத்தில் கீழிறங்கும் டேப்கள் (சுருளின் சுற்றுகளைக் குறைத்து இணைக்கும் முனைகள்) கேட்டு வாங்க வேண்டும். சுமையை இணைக்காமல் 60 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றி, பிறகே கான்டாக்டரை மூட வேண்டும். தொடங்க மட்டும் கெபாசிட்டரின் துணை கொள்ளும் கெபாசிட்டர் ஸ்டார்ட் மோட்டாரை அதிர்வெண்ணோடு சேர்த்து ஏற்றினால், ஸ்டார்ட் சுற்று துண்டிக்கப்படாமல் நெடுநேரம் ஓடிக் கருகிவிடும். முழு வோல்ட்டில் அது இழுக்கும் தொடக்க மின்னோட்டம் ஐந்தாறு மடங்கு வரை போகும் என்பதால், பெரிய டிரைவுக்கு அதுவும் ஒரு காரணம்.

நான்கு கம்பி மாற்றிக்கும் ஒருமுனை மாற்றிக்கும் உரிய சிறப்பைக் குறைக்க விரும்பவில்லை. சுமை மாறினாலும் வெளியீட்டு வோல்ட்டைத் தானே அளந்து நிலைநிறுத்துவது அவற்றின் பலம்; எங்கள் அமைப்பில் சுமை ஏறினால் அந்த முனையின் வோல்ட் இறங்கத்தான் செய்கிறது. நுண்ணிய அளவீட்டுக் கருவிகளைச் சோதிப்பவர்களும், சான்றிதழ் தர வேண்டியவர்களும் அவற்றையே வாங்க வேண்டும். நான்கு கம்பி வகையை வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: ஒவ்வொரு முனையின் வோல்ட்டையும் தனித்தனியே சீர்செய்கிறதா, மூன்றின் சராசரியையா? சராசரி என்றால், ஒரு முனையில் சுமை ஏறும்போது சுமையில்லாத மற்ற இரண்டிலும் வோல்ட் உயரும். ஒருமுனை மாற்றியின் டிசி பக்கம் இந்த அலைவுக்கென்றே கணக்கிடப்பட்டிருக்கும் என்பதால், 5 கேவிஏக்கு மேல் நாள் முழுதும் ஓடும் ஒற்றைச் சுமைக்கு அதுவே பொருத்தம் என்று எண்ணுகிறேன்; எங்கள் பட்டறையின் அனுபவம் 3 கேவிஏவோடு நிற்கிறது.

பராமரிப்பில்தான் நான் டிரைவின் பக்கம் உறுதியாகச் சாய்கிறேன். ஃபில்ட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் தூசி தட்டுவதைத் தவிர வேறு கவனிப்புக் கேட்பதில்லை. தேய்வது டிரைவின் விசிறியும் கெபாசிட்டர்களும். இரண்டும் தனியே கிடைக்கும், கிடைக்காவிட்டால் அதே அளவுள்ள வேறொரு டிரைவை ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். தனி மாற்றியின் கட்டுப்பாட்டு அட்டை போனால் செய்தவரிடமே திரும்ப வேண்டும். ஆண்டுக்கொரு முறை ஒரே சுமையில் டிசி பஸ்ஸின் அலைவை அளந்து, சென்ற ஆண்டுக் குறிப்போடு ஒப்பிடுகிறோம்; அது கூடத் தொடங்கினால் கெபாசிட்டர் தேய்கிறது என்று பொருள். உறையைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, அதில் குறித்திருக்கும் நிமிடங்கள் காத்திருந்து, டிசி முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்கிறோம்.